தனிக்குரல் நடிப்பைக் கெடுக்குமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தனிக்குரலும் மேனரிசமும் உள்ள நடிகர் எந்த வேடம் கட்டினாலும் அவராகவே தெரிகிறார், பாத்திரம் காணாமல் போகிறது என்று தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். பள்ளி, கல்லூரி நாடகங்களுக்கும் கோயில் கொடைவிழா மேடைகளுக்கும் ஆள் பழக்குகிறவர்கள் நாங்கள். குரலையும் மேனரிசத்தையும் ஒரே கயிற்றில் கட்டிவைத்து அடித்திருப்பதை எங்களால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

குரல் என்பது தொண்டையின் அமைப்பு. குரல்நாணின் நீளமும் தடிமனும், வாய், மூக்கு அறைகளின் அளவும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. வேடத்துக்கு வேடம் வேறு தொண்டை வாங்க முடியாது. வலிந்து மாற்றினால் மூன்றாவது ஒத்திகையில் தொண்டை கட்டிக்கொள்ளும். மேனரிசம் அப்படியில்லை. அது பழக்கம், நிறுத்த முடியும்.

1959-இல் வந்த 'வீரபாண்டிய கட்டபொம்மன்', 1961-இல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். இரண்டையும் இயக்கியவர் பி.ஆர்.பந்துலு. இரண்டு கதாநாயகர்களும் எங்கள் நெல்லைப் பக்கத்து ஆட்கள். கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து வ.உ.சி.யின் ஒட்டப்பிடாரத்துக்கு நடந்தே போய்விடலாம். இரண்டிலும் நடித்த சிவாஜி கணேசனுக்கும் ஒரே தொண்டைதான். ஆனால் ஜாக்சன் துரைக்கு முன்னால் கட்டபொம்மன் மூச்சை அடிவயிற்றில் பிடித்து, அடுக்கடுக்காக ஏற்றிக்கொண்டே போய், கடைசிச் சொல்லில் கொட்டுகிறார். சிறைப்பட்டுத் தேய்ந்த வ.உ.சி.யிடம் அந்த ஏற்றம் இல்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விழுகிறது. கட்டபொம்மனைக் கும்மியிலும் கதைப்பாடலிலும் உரத்த குரலாகவே கேட்டு வளர்ந்த மண் இது. அவர் மெதுவாகப் பேசியிருந்தால்தான் இங்கே பொய்யாகப் பட்டிருக்கும்.

அந்த உரத்த குரல் வந்த வழியையும் பார்க்க வேண்டும். செங்கோட்டையில் 1906-இல் பிறந்து 1933-இல் மறைந்த நாடக நடிகர் எஸ்.ஜி.கிட்டப்பா, ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைக்கும் கேட்கப் பாடிப் பேர் வாங்கியவர். குரல் அவ்வளவு தூரம் போக வேண்டுமென்றால் சுருதி ஏறும், உயிரெழுத்து நீளும், மெய்யெழுத்து அழுந்தி விழும், கை தோளுக்கு மேலே போகும். அன்றைக்கு அத்தனையும் தேவையாக இருந்தது. ஒரு சாண் தூரத்தில் மைக்கும் முகத்துக்கு நேரே கேமராவும் வந்த பிறகும் அதே அளவில் செய்தால் மிகையாகிறது. ஆனால் கொடை மேடையில் இன்றும் கதை வேறு. குழாய் ஸ்பீக்கரில் தாழ்ந்த குரல் எடுபடாது, லகர ளகர ழகரம் மூன்றும் குழம்பிப்போகும். சினிமாவைப் பார்த்து முணங்கிப் பழகிய பிள்ளை அங்கே தோற்றுப்போகிறது.

எம்.ஆர்.ராதா 1954-இல் வந்த 'ரத்தக்கண்ணீர்' படத்தில் ஒரே வரிக்குள் கட்டைக் குரலிலிருந்து கீச்சுக் குரலுக்குத் தாவுவார். பெரும்பாலும் எதிராளியை நையாண்டி செய்யும் இடத்தில் குரல் மேலே போகும், தன் முடிவைச் சொல்லும் இடத்தில் இறங்கும். அவரைப் பார்த்துச் செய்கிறவர்கள் காரணத்தை விட்டுவிட்டுத் தாவலை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். எட்டுச் சொல்லுக்கு ஒருமுறை கீச்சிடுகிறார்கள். குரல் மாறினாலும் நடிகர் தோற்பதில்லை என்பதற்கும் ஒரு சான்று உண்டு. 1967 ஜனவரி 12-இல் குண்டு பாய்ந்தபின் எம்.ஜி.ஆரின் பேச்சுத் தெளிவு குறைந்தது. பிறகும் சுமார் பத்து ஆண்டு கதாநாயகனாகவே நடித்தார், கொட்டகை காலியாகவில்லை.

வில்லுப்பாட்டில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். பாட்டுக்காரர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழ முடியாது, கையில் வில்லின் நாணைத் தட்டும் வீசுகோல். அந்த ஒரே தொண்டையிலிருந்துதான் சுடலைமாடன் சாமியும் மந்திரவாதி காளிப்புலையனும் வந்துபோகிறார்கள். ஆள் மாறும்போது அவர் மாற்றுவது வேகத்தையும் விளிச்சொல்லையும்தான். யார் பேசுகிறார்கள் என்று விடியவிடிய உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கும் சந்தேகம் வருவதில்லை.

நம் பேச்சையே மேனரிசமாக ஆக்கியதையும் சொல்ல வேண்டும். சினிமாவில் நெல்லைக்காரன் என்றால் வரிக்கு வரி 'ஏலே'. ஊரில் 'லே' இளையவனுக்கும் தோழனுக்கும். கொஞ்சம் மதிப்புக் கலந்த சோட்டாளுக்கு, அதாவது ஒத்த வயதுக்காரருக்கு, 'வே'. பெண்பிள்ளைக்கு 'ஏட்டி', 'ஏளா'. கடைக்கார அண்ணாச்சியைப் பார்த்து 'ஏலே' என்றால் சும்மா விடுவார்களா? நெல்லைப் பேச்சு உயிரோடு இருப்பது வினையின் முடிவில். 'சொல்றேன்' இங்கே 'சொல்லுதேன்'. ஆனால் 'பாக்குறேன்' என்பது 'பாக்குதேன்' ஆகாது, 'பாக்கேன்'தான். பெரியவர் என்றால் 'அண்ணாச்சி சொல்லுதாவ'. இந்த மூன்றும் சரியாக விழுந்தால் ஒரு 'லே' கூட இல்லாமல் ஊர் வந்துவிடும். கோவில்பட்டிக் கரிசலுக்கும் தூத்துக்குடிக் கடற்கரைக்கும் தென்காசிக்கும் ராகம் வேறு என்பது தனிக் கதை. 2021-இல் மறைந்த நகைச்சுவை நடிகர் நெல்லை சிவாவின் பேச்சு ஏன் உறுத்தவில்லை? வினைமுடிவு அவருக்குத் தானாக வந்தது. அவருக்குக் கிடைத்த வேடங்கள்தான் சிறியவை, அது எங்களுக்கு இன்றும் வருத்தம்.

பழக்கும் முறை பற்றி இரண்டு சொல்கிறோம். மூக்கால் பேசுவதாகச் சந்தேகம் வந்தால் "கதவைத் திற, காத்து வருது" என்று சொல்லச் சொல்லுங்கள். இதில் மூக்கால் ஒலிக்கும் மெல்லினமே கிடையாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னாலும் ஒலி மாறக் கூடாது. மாறினால் காற்று மூக்கு வழியே கசிகிறது. அது திருத்தக்கூடிய பழக்கம். மாறாமல் இருந்தும் குரல் விநோதமாகக் கேட்டால் அதுதான் பிறவிக் குரல், அதில் கைவைக்காதீர்கள்.

கையாட்டும் பழக்கத்துக்குச் சொம்பு. விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, இரண்டு கையாலும் நெஞ்சளவில் பிடித்துக்கொண்டு முழுக் காட்சியையும் பேச வேண்டும். தண்ணீர் சிந்திய சொல்லை வசனத் தாளில் கோடிட வேண்டும். அங்கேதான் கை தன்னால் எழுகிறது. முதல் நாள் தாள் முழுக்கக் கோடாக இருக்கும். பத்து நாளில் ஏழெட்டு மிஞ்சும். அவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்றிரண்டு இடத்தில் பாத்திரமே கையைத் தூக்கச் சொல்லும். அந்தச் சைகையை அங்கேயே விட்டுவிட வேண்டும். எல்லாவற்றையும் துடைத்தெடுத்தால் நடிகர் மரக்கட்டையாகிவிடுவார். இந்தத் தவறு பயிற்றுநர்களிடம் நிறையவே உண்டு.

பள்ளி நாடகப் போட்டிகளில் பெரிய நடிகரின் குரலில் பேசிய பிள்ளைக்கு நடிப்புப் பரிசு கொடுப்பதை நடுவர்கள் நிறுத்த வேண்டும். அந்தத் திறமைக்குத் தனிப் பரிசு வைக்கலாம். தங்கள் விமர்சகர்களும் 'அதே பழைய குரல்' என்று எழுதும்போது, எந்தக் காட்சியில், எந்த வரியில் அது பாத்திரத்தை மறைத்தது என்பதையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நாடகப் பயிற்றுநர்கள் சிலர்,
பாளையங்கோட்டை.