எங்கள் சிரிப்பை எங்களிடமே விட்டுவிடுங்கள்: அருங்காட்சியக இயக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அருங்காட்சியக இயக்குநர்களுக்கும், கண்காட்சிகளை வடிவமைக்கும் க்யூரேட்டர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஓவியரும் இல்லை, விமர்சகரும் இல்லை. டிக்கெட் வாங்கி, பையைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு உள்ளே வருகிற பார்வையாளர்களில் ஒருத்தி. கொஞ்ச காலமாக நீங்கள் எங்களைப் பற்றி நிறையப் பேசுகிறீர்கள். எந்த ஓவியம் எங்களைக் காயப்படுத்தும், எதை நாங்கள் தவறாகப் புரிந்துகொள்வோம், எதற்கு எங்களை முன்கூட்டியே தயார்ப்படுத்த வேண்டும் என்றெல்லாம் கூடி ஆலோசிக்கிறீர்கள். அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பேச்சில் எங்கள் குரலை மட்டும் காணோம். அதனால்தான் இந்த மடல்.

2024 ஜனவரியில் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் அமெரிக்க ஓவியர் ஃபிலிப் கஸ்டனின் வாழ்நாள் படைப்புகளைத் தொகுத்து வைத்த கண்காட்சியைப் பார்த்தேன். வெள்ளை முக்காட்டு உருவங்கள் இருக்கும் ஓவியங்களின் முன் நின்றபோது முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. பிதுங்கிய விரல்கள், அவற்றுக்கு நடுவே ஒரு சிகரெட், பழைய தலையணை உறைபோல் தையல் விட்ட முக்காடு, கண்ணுக்குப் பதிலாக இரண்டு கறுப்புக் கோடுகள். சிறுவயதில் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தில் பார்த்துச் சிரித்த உருவங்கள் அப்படியே ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்பதுபோல் இருந்தது. அப்புறம்தான் முக்காட்டின் மேலிருந்த சிவப்புத் தெறிப்பு கண்ணில் பட்டது. அது கூ க்ளக்ஸ் க்ளான் என்ற அமெரிக்க வெள்ளை இனவெறிக் கும்பலின் முக்காடு. கறுப்பின மக்களை அடித்தும் எரித்தும் தூக்கிலிட்டும் கொன்றவர்களின் உடுப்பு. அதைப் பார்த்தா சிரித்தேன் என்று கூசிப்போனது. அந்தக் கூச்சத்தோடு மறுபடி பார்த்தபோது, இவ்வளவு கொடுமை செய்தவர்கள் இவ்வளவு சாதாரணமாக, வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களைப் போல இருக்கிறார்களே என்ற பயம் வந்தது.

சிரிப்பு, கூச்சம், பயம். இந்த வரிசையில் வந்ததால்தான் அது எனக்குள் தங்கியது. யாராவது வாசலிலேயே "இது பயங்கரமானது" என்று சொல்லி அனுப்பியிருந்தால் நான் சிரித்திருக்க மாட்டேன். சிரிக்காதவளுக்குக் கூசுவதற்கு என்ன இருக்கிறது?

எனக்கு அருகில் இரண்டு இளம்பெண்கள் நின்றிருந்தார்கள். தோழிகளாக இருக்க வேண்டும். ஒருத்தி என்னைப் போலவே வாய்விட்டுச் சிரித்தாள். மற்றவள் ஒரு வார்த்தையும் பேசாமல் விறுவிறுவென்று அடுத்த அறைக்குப் போய்விட்டாள். சிரித்தவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். சிரிப்பு அடங்கியது. பிறகு அவளும் பின்னாலேயே போனாள். அந்த இருவரைப் பற்றிக் கடைசியில் மறுபடி சொல்கிறேன்.

கார்ட்டூன் கோடு எப்படி வேலை செய்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. எண்ணெய் வண்ணத்தில் நுணுக்கமாக வரைந்த முகத்தை நாம் கொஞ்ச நேரம் நின்று ஆராய்வோம். கார்ட்டூனுக்கு அந்த அவகாசம் தேவையில்லை. யோசிக்கத் தொடங்கும் முன்பே அது உள்ளே வந்துவிடும். கஸ்டனுக்கு இந்தக் கலை பிள்ளைப் பருவத்திலேயே பழக்கம். ஒடெஸாவிலிருந்து புலம்பெயர்ந்த யூதக் குடும்பத்தில், 1913இல் மான்ட்ரியாலில் ஃபிலிப் கோல்ட்ஸ்டீனாகப் பிறந்தவர் அவர். லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்த வயதில் அஞ்சல்வழி கார்ட்டூன் வகுப்பில் சேர்ந்தார். அவர் சிறுவனாக இருந்தபோதே தந்தை தூக்கிட்டு இறந்துபோனார். துணி வைக்கும் சிறிய அறைக்குள் ஒற்றை மின்விளக்கின் கீழ் உட்கார்ந்து படம் வரைவாராம் அந்தச் சிறுவன். ஐம்பது வருடம் கழித்து அதே மின்விளக்கு அவருடைய ஓவியங்களில் உத்தரத்திலிருந்து தொங்கிக்கொண்டிருக்கிறது. அதன் கீழே முக்காட்டுக்காரன் உட்கார்ந்து வரைகிறான். 1969இல் தீட்டிய 'தி ஸ்டூடியோ'வில் அவன் வரைவது தன்னுடைய முகத்தைத்தான். முக்காட்டுக்குள் இருப்பதாகத் தன்னையே நினைத்துப் பார்த்ததாகக் கஸ்டன் சொன்னார். எதிரியை மட்டும் கேலி செய்வது எளிது. அவர் அந்தக் கேலிக்குள் தன்னையும் சேர்த்துக்கொண்டார். அதனால்தான் பார்ப்பவர்களாலும் வெளியே நின்று தப்பிக்க முடிவதில்லை.

ஒரு கலைஞரின் மொத்த வாழ்க்கையையும் ஒரே கூரையின் கீழ் வைப்பதன் பயன் இங்கேதான் தெரிகிறது. 1930இல், பதினேழு வயதில், அவர் க்ளான் ஆட்களை வரைந்த பென்சில் சித்திரம் ஒன்று உண்டு. அதில் முக்காடுகள் கல்லைப்போல் கனக்கின்றன. மடிப்புகளில் நிழல் விழுகிறது. யாருக்கும் சிரிப்பு வராது. நாற்பது வருடத்துக்குப் பிறகு அதே முக்காடு சுருட்டு பிடித்துக்கொண்டு காரில் ஊர்சுற்றுகிறது. இடையில் ஏறத்தாழ இருபது வருடம் அவர் உருவங்களையே விட்டுவிட்டு, நுட்பமான வண்ணத் தீற்றல்களால் அரூப ஓவியங்கள் செய்து பெரும்பெயர் பெற்றார். வியட்நாம் போர் நடக்கிறது, 1968இல் சிகாகோ தெருக்களில் போலீஸ் மாணவர்களை அடிக்கிறது, நானோ வீட்டில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக் கொதித்துவிட்டு, ஸ்டூடியோவுக்குள் போய் ஒரு சிவப்பை நீலத்தோடு ஒத்துப்போக வைத்துக்கொண்டிருக்கிறேனே, நான் என்ன மனிதன் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அந்தக் கேள்வியிலிருந்துதான் கார்ட்டூன் திரும்பி வந்தது.

அன்றைய பார்வையாளர்கள் என்ன சொன்னார்கள்? 1970 அக்டோபரில் நியூயார்க் மார்ல்பரோ கேலரியில் இந்த ஓவியங்கள் முதன்முதலாக வைக்கப்பட்டபோது, நியூயார்க் டைம்ஸில் ஹில்டன் க்ரேமர் எழுதிய விமர்சனத்தின் தலைப்பே போதும்: ஒன்றும் தெரியாத தடுமாறியாக நடிக்கும் பெரிய பண்டிதர் என்பது அதன் சாரம். கலையுலக நண்பர்கள் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கஸ்டன் ரோமுக்குப் போய்விட்டார். சக ஓவியர் வில்லெம் டி கூனிங் மட்டும் கட்டித்தழுவி, இது சுதந்திரத்தைப் பற்றியது என்று சொன்னதாகக் கஸ்டன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

இவர்களில் என் மனதில் நிற்பவர் இசையமைப்பாளர் மோர்டன் ஃபெல்ட்மன். கஸ்டனின் மிக நெருங்கிய நண்பர். அரூப ஓவியங்களை உயிராக நேசித்தவர். புதிய ஓவியங்களின் முன்னால் அவருக்குப் பேச்சு வரவில்லை. அந்த மௌனத்திலேயே நட்பு முறிந்தது. 1978இல் கஸ்டன் அந்த நண்பனை வரைந்தார். முகம் நம் பக்கம் திரும்பாமல் விலகியிருக்கும். 1980 ஜூனில் கஸ்டன் இறந்தபோது, அவர் விருப்பப்படியே, அவருக்கான யூத இறுதிப் பிரார்த்தனையைச் சொன்னவர் ஃபெல்ட்மன். 1984இல் நண்பனின் பெயரிலேயே நான்கு மணி நேரத்துக்கும் மேல் நீளும் ஓர் இசைப் படைப்பை எழுதினார்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், ஒரு பார்வையாளரின் எதிர்வினை பதினான்கு வருடம்கூட எடுத்துக்கொள்ளும். அது முதலில் தவறாக இருக்கலாம், கொடுமையாகவும் இருக்கலாம். ஃபெல்ட்மனுக்கு அந்த மௌனத்தை யாரும் விளக்கித் தீர்த்துவைக்கவில்லை. அவரே அதைச் சுமந்து திரிந்து ஏதோ ஓர் இடத்தில் இறக்கிவைத்தார்.

இனி 2020க்கு வருகிறேன். வாஷிங்டன் நேஷனல் கேலரி, பாஸ்டன், ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகங்கள், டேட் மாடர்ன் ஆகிய நான்கும் சேர்ந்து அந்தச் செப்டம்பரில் இதே கண்காட்சியை 2024 வரை ஒத்திவைத்தன. அமெரிக்கக் கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃப்ளாய்ட் போலீஸ்காரரால் கொல்லப்பட்டு நான்கு மாதம்கூட ஆகவில்லை. தெருவெல்லாம் கோபம் கொதித்த நேரம். கஸ்டன் படைப்புகளின் மையத்திலுள்ள சமூக நீதி, இன நீதிச் செய்தி இன்னும் தெளிவாகப் புரியக்கூடிய காலம் வரட்டும் என்பது அன்று சொல்லப்பட்ட காரணம். ஏறத்தாழ நூறு கலைஞர்களும் எழுத்தாளர்களும் உடனே எதிர்ப்புக் கடிதம் எழுதினார்கள். கையெழுத்துகள் விரைவில் இரண்டாயிரத்தைத் தாண்டின. கடைசியில் 2022 மே மாதம் பாஸ்டனில் கண்காட்சி திறந்தது.

அந்த முடிவை எடுத்தவர்கள் கோழைகள் என்று சொன்னவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லவில்லை. க்ளானின் முக்காட்டை எந்தக் கோட்டில் வரைந்தாலும் பார்க்கவே முடியாத மனிதர்கள் இருக்கிறார்கள்; அவர்களுடைய குடும்பக் கதைகளில் அந்த உடுப்பு வருகிறது. அதே அறையில் நாள் முழுக்க நின்று காவல் காக்கிற ஊழியரையும் நினைத்துப் பாருங்கள். நாம் பத்து நிமிடத்தில் வெளியே போய்விடுவோம். அவர் மாலைவரை அந்தக் கறுப்புக் கோட்டுக் கண்களுக்கு எதிரே நிற்க வேண்டும். பாஸ்டனில் மன உளைச்சல் நிபுணர் ஒருவர் எழுதிய குறிப்பை வாசலில் கொடுத்ததிலும், முக்காட்டு ஓவியங்களைப் பார்க்க விரும்பாதவர்கள் விலகிப்போக வழி வைத்ததிலும் எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அந்தத் தோழி விறுவிறுவென்று வெளியேறினாளே, அவளுக்கும் ஒரு வழி வேண்டும்.

நான் ஏற்காதது அந்தக் "தெளிவாகப் புரிதல்" என்ற எதிர்பார்ப்பைத்தான். ஓவியத்துக்கு ஒரு சரியான செய்தி இருக்கிறது, அதைப் பார்வையாளர் பிழையில்லாமல் பெற்றுச் செல்ல வேண்டும், பெறுவார் என்ற உறுதி வரும்வரை கதவைச் சாத்திவைக்கலாம் என்கிற நினைப்பு ஒரு நையாண்டி ஓவியருக்கு விரோதமானது. நையாண்டி பார்ப்பவரைத் தடுமாற வைத்துத்தான் வேலை செய்யும். தடுமாறாமல் கைபிடித்து அழைத்துப்போனால் நாங்கள் பத்திரமாக வெளியே வருவோம்; எதையும் பார்க்காமலே வந்துவிடுவோம்.

காயம்பட்ட பார்வையாளர் என்ன செய்ய முடியும் என்பதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. டெக்சஸில் வளர்ந்த கறுப்பின ஓவியர் ட்ரென்டன் டாயல் ஹான்காக், தானும் காமிக்ஸ் பாணியில் வரைகிறவர், கஸ்டனின் முக்காட்டு உருவங்களைத் தன் ஓவியங்களுக்குள்ளே இழுத்துக்கொண்டு வந்து, தான் படைத்த 'டார்பிடோபாய்' என்ற நாயகனை அவற்றோடு மோதவிட்டார். 2024 நவம்பரில் நியூயார்க்கின் யூத அருங்காட்சியகம் இருவரையும் அருகருகே வைத்துக் காட்சி நடத்தியது. அங்கே ஒரு பார்வையாளரின் பதிலும் சுவரில் தொங்கியது. எல்லோராலும் ஹான்காக் ஆக முடியாதுதான். ஆனால் எங்களிடமும் ஏதோ ஒரு பதில் இருக்கும், அதைக் கேட்க வேண்டும் என்று நினைத்த அருங்காட்சியகம் அது.

அதனால் சில வேண்டுகோள்கள். எச்சரிக்கைக் குறிப்பை வாசலில் வையுங்கள். விளக்கத்தை மட்டும் ஓவியத்தைத் தாண்டி வையுங்கள். முதலில் நாங்கள் பார்க்கிறோம், பிறகு படிக்கிறோம். க்ரேமரின் விமர்சனத்தைப் போன்ற பழைய எதிர்வினைகளையும் மறைக்காமல் சுவரில் ஒட்டுங்கள். படித்தவர்களும் தடுமாறினார்கள் என்று தெரிந்தால் எங்களுக்கும் தைரியம் வரும். கருத்துப் பதிவேட்டை நினைவுப்பொருள் கடைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்காதீர்கள். அங்கே வருவதற்குள் "அருமையான கண்காட்சி" என்று எழுதும் மனநிலைக்கு வந்துவிடுகிறோம். நிரம்பிய பதிவேடுகளைத் தூக்கி எறியாமல், ஓவியத்தின் வரலாற்றோடு சேர்த்து ஆவணக் காப்பகத்தில் வையுங்கள். காவலர்களிடமும் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுங்கள். மாதக்கணக்கில் அந்த ஓவியங்களையும் எங்கள் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தவர்கள் அவர்கள்தான்.

அந்தத் தோழிகளை அரைமணி நேரம் கழித்து மறுபடி பார்த்தேன். கடைசி அறையைத் தாண்டிய இடத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சிரித்தவள் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றவள் இல்லையென்று தலையாட்டினாள். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு மற்றவள் பேசத் தொடங்கினாள், கைகளை விரித்து, நிறைய நேரம். என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை. அடுத்த முறை அந்தப் பெஞ்சுக்கு அருகில் ஒரு சிறிய மேசையும், இரண்டு பேனாவும், கொஞ்சம் வெற்றுத் தாள்களும் வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பார்வையாளர்களில் ஒருத்தி