உறவுமுறை: பெரியம்மா

அன்புள்ள பெரியம்மாவுக்கும், எனக்காக ஓடித்திரிந்த எல்லோருக்கும்,

நேற்றுத்தான் தொழிற்பயிற்சி நிலையத்தின் அடையாள அட்டை கைக்கு வந்தது. மனம் ஆறிய பிறகு இப்படி எழுத வராது என்பதால் இப்போதே எழுதுகிறேன். பதினெட்டு வயது முடிந்து சிறுவர் இல்லத்தை விட்டு வந்த அந்த மூன்று வாரங்களும் எப்படிப் போயின என்பது உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி கிளற மனமில்லை.

நீங்கள் முதன்முதலாக இல்லத்துக்கு வந்தது பெரியப்பாவின் ஆட்டைத் திவசத்துக்குச் சாப்பாடு கொடுக்க. யாழ்ப்பாணத்தில் இல்லங்களில் வளரும் பிள்ளைகளுக்கு ஊரார் வீட்டுத் திவசங்கள் பழக்கம். முகம் தெரியாதவர்களின் படத்தைக் கும்பிட்டுவிட்டு வடையும் பாயசமும் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தச் சோற்றை ஒருநாளும் குறைவாகச் சொல்லமாட்டேன். ஆனால் பந்தி முடிந்த பிறகும் போகாமல் வாங்கில் இருந்து, “சோதனை முடிந்ததும் என்ன செய்யப்போகிறாய் பிள்ளை?” என்று கேட்டவர் நீங்கள் ஒருவர்தான்.

என்னிடம் பதில் இருக்கவில்லை. சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சரிவராவிட்டால் எல்லாம் முடிந்தது என்றே நினைத்திருந்தேன். தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழில் ஏழு மட்டங்கள் இருக்கின்றன, நான்கை முடித்தால் ஐந்து, ஆறு என்று டிப்ளோமாவுக்கு ஏறலாம், ஏழாவது பட்டத்துக்குச் சமம் என்று பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் ஏணி கீறிக் காட்டினீர்கள். அடுத்த சனிக்கிழமை கோண்டாவிலில் தோட்டக்காரரின் தண்ணீர் மோட்டார் திருத்தும் கடைக்குக் கூட்டிப்போனீர்கள். கருகிய செப்புக் கம்பியைக் கழற்றிவிட்டுப் புதுக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிச் சுற்றுவதை இரண்டு மணித்தியாலம் நின்று பார்த்தேன். மின்சார வேலைதான் படிப்பது என்று அங்கேயே முடிவெடுத்தேன்.

ஆனாலும் பெரியம்மா, எல்லாவற்றிலும் மனதில் தங்கியது வேறொன்று.

விண்ணப்பத்தில் அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் பெயர், தொலைபேசி எண், உறவுமுறை என்று மூன்று கட்டங்கள் இருந்தன. அதுவரை எந்தப் படிவத்திலும் இல்லத்தின் எண்ணைத்தான் எழுதி வந்தேன். இனி யாருடைய எண்ணை எழுதுவது? பேனையைப் பிடித்தபடியே இருந்தேன். நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேனையை வாங்கினீர்கள். உங்கள் பெயரை எழுதினீர்கள், எண்ணை எழுதினீர்கள். மூன்றாவது கட்டத்தில் கொஞ்சம் நின்றீர்கள். ‘நலன்விரும்பி’ என்று எழுதுவீர்கள் என நினைத்தேன். ‘பெரியம்மா’ என்று எழுதினீர்கள். கட்டம் சிறியது, கடைசி ‘மா’ கோட்டைத் தாண்டிப் போய்விட்டது. அந்த நாள் வரை நான் உங்களை ‘அன்ரி’ என்றுதான் கூப்பிட்டு வந்தேன்.

சம்பளம் வாங்காமல் மாலையில் கணிதம் சொல்லித்தந்த ரீச்சருக்கும், பிறப்புப் பதிவைத் தேடியெடுத்துத் தந்த மாவட்டச் செயலக உத்தியோகத்தருக்கும், பஸ் காசு அனுப்பிய கனடா மாமாவுக்கும், நேர்முகத் தேர்வுக்குத் தன் புதுச் செருப்பைக் கழற்றித் தந்த என் அறைத் தோழிக்கும் நன்றி. உங்கள் ஒருவரையும் மறக்கவில்லை.

திவசத்துக்கும் பிறந்தநாளுக்கும் இல்லங்களுக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளோடு அரை மணித்தியாலம் இருந்து பேசிவிட்டு வாருங்கள். உங்கள் தொழில் என்ன, அதற்கு எங்கே படித்தீர்கள், முதல் சம்பளம் எவ்வளவு என்று சொல்லுங்கள். அவர்களுக்கு வீட்டில் இதைச் சொல்ல ஆளில்லை.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை நானும் போவேன். அந்தக் கலண்டர்த் தாள் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. என் தொலைபேசி எண்ணையும் இல்லத்து அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன். அந்த மூன்று கட்டங்களுக்கு முன்னால் தடுமாறுகிற பிள்ளை அதை எழுதட்டும். உறவுமுறை, அக்கா.

பெரியம்மா, பயிற்சி நிலையத்தில் வருகிற வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். காலை ஒன்பது மணிக்கு. வாசலில் நிற்பேன்.