உன் கடிதம் கிடைச்சுது டீ

அன்புள்ள தோழிக்கு,

உன் லெட்டர படிச்சிட்டு ரெண்டு நாள் அப்படியே வச்சிருந்தேன், சோம்பேறித்தனம் இல்ல, என்ன எழுதுறதுன்னு தெரியல. தம்பிக்கு எச்ஐவி பாசிட்டிவ்னு வந்துருக்குன்னு நீ எழுதுன வரில உன் கையெழுத்தே நடுங்கியிருந்துச்சு. முதல்ல ஒண்ணு கேக்குறேன், கோச்சுக்காத, இத என்கிட்ட சொல்லலாமான்னு அவன்கிட்ட கேட்டியா? யாருக்குத் தெரியணும்னு முடிவு பண்ண வேண்டியவன் அவன்தான்டி. எனக்குச் சொன்னது பரவால்ல, ஆனா இதோட நிறுத்திக்கோ.

அவன் தட்ட தனியா வைக்கணுமா, பாத்ரூம் தனியா வேணுமான்னு கேட்டிருக்க. வேணாம், எதுவும் வேணாம். ஒரே தட்டுல சாப்டலாம், கட்டிப்புடிச்சு அழலாம், அவன் குடிச்ச டம்ளர்ல குடிக்கலாம். எச்சில், வேர்வை, கண்ணீர் வழியா இது வராது. கொசு கடிச்சாலும் வராது, கொசுவோட உடம்புல இந்த வைரஸ் பெருகவே பெருகாது, அதுவுமில்லாம கொசு ஒருத்தர்கிட்ட உறிஞ்சுன ரத்தத்த இன்னொருத்தர் உடம்புல ஏத்துறதும் கிடையாது. ஷேவிங் பிளேடையும் டூத் பிரஷ்ஷையும் மட்டும் தனியா வச்சுக்கட்டும், அது ரத்தம் படுற சாமான், எல்லா வீட்லயுமே அப்படித்தான் இருக்கணும். பாதுகாப்பில்லாத உடலுறவு, ஒருத்தருக்குப் போட்ட ஊசிய இன்னொருத்தருக்குப் போடுறது, டெஸ்ட் பண்ணாத ரத்தத்த ஏத்துறது, அப்புறம் கர்ப்பத்துலயோ பிரசவத்துலயோ தாய்ப்பால்லயோ அம்மாகிட்ட இருந்து குழந்தைக்கு, இவ்ளோதான் வழி.

இதெல்லாம் நான் பாடப்புத்தகத்துல படிச்சு சொல்லலடி. உன்கிட்ட இதுவரைக்கும் சொல்லாத ஒரு விஷயம் இருக்கு. நாலு வருஷம் முன்னாடி ட்யூட்டில ஒரு பேஷண்ட்டுக்கு ரத்தம் எடுத்துட்டு, ஊசிய திரும்ப மூடக்கூடாதுன்னு ட்ரெயினிங்ல தலையில அடிச்ச மாதிரி சொல்லிக் குடுத்தும், அவசரத்துல மூடப்போய் விரல்ல குத்திக்கிட்டேன். அவருக்கு அப்பதான் பாசிட்டிவ்னு தெரிஞ்சிருந்துச்சு, மருந்தே ஆரம்பிக்கல. சோப்பு போட்டு கழுவிட்டு ரெண்டு மணி நேரத்துக்குள்ள, தொத்து வராம தடுக்குற மருந்துல முதல் மாத்திரை போட்டாச்சு. 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாத்தான் பிரயோஜனம், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது, அப்புறம் 28 நாள் விடாம போடணும். மருந்து எதுவும் போடலன்னாக்கூட இப்படி ஊசி குத்துனா தொத்துறது ஆயிரத்துல மூணு பேருக்குத்தான்னு எனக்கு நல்லாவே தெரியும். தெரிஞ்சு என்ன, ராத்திரி தூக்கம் வரலையே. ஆறாவது வாரம் ஒரு டெஸ்ட், மூணாவது மாசம் ஒரு டெஸ்ட். ஏன்னா உடம்புக்குள்ள வைரஸ் நுழைஞ்ச உடனே டெஸ்ட்ல காட்டாது, ஆன்டிபாடி டெஸ்ட்ல, அதாவது வைரஸ எதிர்த்து உடம்பு உண்டாக்குறத தேடுற டெஸ்ட்ல, காட்ட 90 நாள் வரைக்கும்கூட ஆகலாம்.

அந்த மூணு மாசம் நான் என்ன பண்ணேன் தெரியுமா? துண்டு பட்டா பரவாதுன்னு ஊருக்கெல்லாம் வகுப்பு எடுக்குற நானே என் துண்ட தனியா காயப்போட்டேன், குழந்தைக்கு முத்தம் குடுக்கப் போயிட்டு பாதில நிறுத்திருக்கேன். அதனால நீ தட்ட தனியா வைக்கட்டுமான்னு கேட்டப்போ எனக்கு உன்மேல கோவமே வரல.

ஆனா இன்னொண்ணு இன்னும் உறுத்துது. கூட வேலை பாக்குறவங்க எல்லாரும் என்ன ‘பாவம், ஒண்ணும் ஆகாது’ன்னு தாங்கு தாங்குன்னு தாங்குனாங்க, என் ட்யூட்டிய மாத்திப் பாத்தாங்க. அதே ஆளுங்கதான் அந்த பேஷண்ட் ஃபைல்ல தூரத்துல இருந்து பாத்தாலே தெரியுற மாதிரி சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி வச்சாங்க. அதே வைரஸ்தானே? எனக்கு ஊசில வரப்பாத்துச்சு, அவருக்கு வேற எப்படியோ வந்துருச்சு. எனக்கு நெகட்டிவ்னு வந்த அன்னைக்கு போய் அந்த ஸ்டிக்கர கிழிச்சேன். மூணு மாசம் முன்னாடியே கிழிச்சிருக்கணும்.

அதான் சொல்றேன், ‘எப்படிடா வந்துச்சு’ன்னு அவன நோண்டாத. தெரிஞ்சு நீ என்ன பண்ணப்போற? அவன் யார்கூட இருந்தானோ அவங்களும் டெஸ்ட் எடுக்கணும், அத எப்படிச் சொல்றதுன்னு ஆஸ்பத்திரில ஆலோசனை சொல்ற கவுன்சிலர் அவன்கிட்ட பேசுவாங்க.

எச்ஐவின்னா எய்ட்ஸ்னு நீ ரெண்டையும் ஒண்ணாப் போட்டு எழுதியிருக்க. எச்ஐவி வைரஸோட பேரு. அது நம்ம உடம்புல காவல் நிக்கிற சிடி4 செல்லுகள கொஞ்சம் கொஞ்சமா அழிக்கும், அந்த எண்ணிக்கை ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்துல 200க்குக் கீழ போயிட்டாலோ, இல்ல சில குறிப்பிட்ட பெரிய தொத்து வந்துட்டாலோதான் எய்ட்ஸ்ங்கிறது. மருந்தே எடுக்காட்டிகூட அங்க போய்ச் சேர பொதுவா எட்டு பத்து வருஷம் ஆகும், மருந்து எடுத்தா அந்தப் பக்கமே போகாம இருக்கலாம். 1980கள்ல இது வந்தா சாவுதான்னு இருந்துச்சு, 1996 வாக்குல மூணு மருந்த சேத்துக் குடுக்க ஆரம்பிச்சதுல இருந்து கதையே மாறிடுச்சு. இப்ப நெறைய பேருக்கு வைரஸ அடக்கி வைக்கிற ஏஆர்டி மாத்திரை தினம் ஒரே ஒண்ணு, அவ்ளோதான். ஆனா வாழ்நாள் முழுக்க, நல்லாருக்கேன்னு நடுவுல நிறுத்துனா வைரஸ் திரும்ப எந்திரிச்சிரும். இருமல், காய்ச்சல், எடை குறையிறதுன்னு ஏதாவது இருந்தா டிபி டெஸ்டும் பாத்துருங்க, எச்ஐவி இருக்கவங்கள அதிகமா சாகடிக்கிறது டிபிதான்.

கல்யாணம்னு ஒண்ணு அவனுக்கு இனிமே இல்லையேன்னு அழுதிருக்க. யாருடி சொன்னா? ஒழுங்கா மாத்திரை போட்டா பெரும்பாலும் ஆறு மாசத்துக்குள்ள ரத்தத்துல வைரஸ் டெஸ்ட்லயே தெரியாத அளவுக்குக் கொறஞ்சிரும், அப்படியே இருக்க வரைக்கும் உடலுறவுல அடுத்தவங்களுக்குப் பரவாது. ஒருத்தருக்கு மட்டும் எச்ஐவி இருக்க 888 ஜோடிகள வச்சுப் பண்ண ஆய்வு 2016ல வந்துச்சு, இந்த நிலைமைல இருந்தவங்க யார்கிட்ட இருந்தும் அவங்க துணைக்கு ஒருத்தருக்குக்கூட பரவல. கட்டிக்கப்போற பொண்ணுகிட்ட மறைக்காம சொல்லிட்டு, டாக்டர்கிட்ட பேசிட்டு கட்டிக்கட்டும், குழந்தையும் பெத்துக்கலாம்.

நான் இந்த வாரம் முழுக்க நைட் ட்யூட்டி. பன்னெண்டு மணிக்கு மேல வார்டு அமைதியாயிரும், அந்த நேரத்துல அவனுக்குப் பேசணும்போல இருந்தா கூப்பிடச் சொல்லு. நான் எதுவும் கேக்க மாட்டேன், அவனா சொன்னா கேட்டுக்குறேன்.

உன் பழைய ரூம்மேட்