தோப்பூரைக் கடந்த இரவு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து இரண்டு வாரமாகிறது. பேத்திக்குப் பெயர் வைத்த செய்தி படித்து வீடே மகிழ்ந்தது. இங்கே கண்மாயில் தண்ணீர் நிற்கிறது, நடவு முடிந்தது. பதில் தாமதமானதற்குக் காரணம் மதினி.

நள்ளிரவில் அடிவயிற்றில் வலி. பக்கத்துத் தாலுகா மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒரே ஒரு பெண் டாக்டர், இரண்டு நர்சுகள். குடல்வால் வீங்கியிருக்கிறது என்று உடனே சொல்லிவிட்டார். அறுவை அரங்கு இருக்கிறது, கருவிகள் இருக்கின்றன. மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரின் இடம் காலி. "மதுரைக்குக் கொண்டுபோய்விடுங்கள் ஐயா" என்றபோது அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. முந்தைய நாள் காலையிலிருந்து பணியில் இருக்கிறாராம். அவர் மீது எனக்குத் துளியும் கோபமில்லை.

108 வந்தது. தோப்பூரைக் கடக்கையில் மத்திய அரசின் எய்ம்ஸ் மருத்துவமனை வளாகத்து விளக்குகள் தெரிந்தன. மதினி அண்ணன் கையை இறுகப் பிடித்தபடி முனகிக்கொண்டே வந்தார். விடிவதற்குள் மதுரையில் அறுவை முடிந்துவிட்டது. இப்போது கஞ்சி குடிக்கிறார்.

இந்த எய்ம்ஸை 2015 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். கட்டடம் எழும்பாததால் 2022இல் முதல் மாணவர்கள் ராமநாதபுரத்தில் போய்ப் படித்தார்கள். தாமதத்துக்கு டெல்லி காரணமா, சென்னை காரணமா என்று நம் டீக்கடையில் இன்றும் சண்டை. இவ்வளவு காலம் இழுத்தது அநியாயம் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அன்றிரவு மதினிக்குத் தேவைப்பட்டது ஒரு மயக்க மருத்துவர். அந்தக் காலியிடத்தைப் பற்றி எந்த மேடையிலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தேனி, திண்டுக்கல், சிவகங்கை, விருதுநகர், ராமநாதபுரம் என்று ஐந்து மாவட்டத்து நோயாளிகளும் மதுரை அரசுப் பெரியாஸ்பத்திரி வாசலுக்கு வருகிறார்கள். தாலுகாவிலேயே முடிய வேண்டிய குடல்வாலும் அங்கே போய் நின்றால், உயிருக்குப் போராடி வருகிறவனுக்கு யார் நேரம் ஒதுக்குவது?

அரசு காப்பீட்டு அட்டை இருக்கும்போது தனியாரிடம் போகலாமே என்று எழுதியிருந்தாய். உன்னோடு இதில் எனக்கு ஒப்புதல் இல்லை. படுக்கையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைக்குத்தான் அந்த அட்டை. மாதா மாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கு அது உதவுமா? 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில்தான் அம்மாவுக்கு மாத்திரை வாசலுக்கே வருகிறது. நள்ளிரவு ஒரு மணிக்கு நம் ஊர்ப் பக்கம் திறந்திருக்கும் தனியார் மருத்துவமனை எது, சொல். 2025க்குள் நாட்டு வருமானத்தில் 2.5 சதவீதம் அரசு மருத்துவத்துக்கு என்று 2017 தேசியக் கொள்கையிலேயே எழுதி வைத்தார்கள். அந்தப் பணத்தைக் கேட்காமல் அட்டையைக் காட்டி நாம் ஒதுங்கிவிடக் கூடாது.

வருகிற திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மயக்க மருத்துவர் இடத்தை நிரப்பச் சொல்லி ஊர் சார்பில் மனு கொடுக்கிறோம். நீ சுகாதாரத் துறையில் எழுத்தராக இருந்தவன். தாலுகா மருத்துவமனை ஓர் இயக்குநரகம், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வேறோர் இயக்குநரகம். நம்மை அங்கும் இங்கும் அலையவிடாதபடி மனுவை யார் பெயருக்கு எழுத வேண்டும், நகல் யாருக்குப் போக வேண்டும் என்று சனிக்கிழமைக்குள் தெரிவி. இரவுப் பணிக்கு இன்னொரு டாக்டரும் கேட்கப்போகிறோம்.

மதினி உன்னை விசாரித்தார்.

அன்புடன்,
பாண்டி