கொள்முதல் நிலையங்களை ஆபத்து வரிசைப்படி பட்டியலிடக் கோரி மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், திருவாரூர் மாவட்டம்
அனுப்புநர்: மன்னார்குடி வட்டார நெல் விவசாயிகள்
பொருள்: குறுவை அறுவடைக்கு முன்பே நேரடி நெல் கொள்முதல் நிலையங்களின் ஆபத்தை மதிப்பிட்டு வரிசைப்படுத்துவது தொடர்பாக

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாங்கள் கேட்பது ஒரே ஒரு வேலைதான். மாவட்டத்தில் உள்ள ஒவ்வொரு கொள்முதல் நிலையத்தையும், எது முதலில் தேங்கும், தேங்கினால் எவ்வளவு நெல் வீணாகும் என்று பார்த்து மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்துங்கள். லாரி, சாக்கு, தார்ப்பாய், சுமை தூக்கும் ஆட்கள் எல்லாம் அந்த வரிசைப்படி போகட்டும். இப்போது சாலை மறியல் நடந்த ஊருக்குத்தான் மறுநாள் லாரி வருகிறது, பக்கத்து ஊரில் சத்தம் போடாமல் காத்திருப்பவர் நெல் நனைகிறது.

2025 அக்டோபரில் டெல்டா முழுக்க என்ன நடந்தது என்று தங்களுக்கே தெரியும். மூட்டைகள் வெளியே கிடந்து நனைந்தன, களத்தில் கொட்டிய நெல் முளைவிட்டது. எல்லோரும் மழையைத்தான் சொன்னார்கள். ஆனால் அக்டோபரில் மழை வரும் என்பது புதுச் செய்தி இல்லை, வடகிழக்குப் பருவமழை தொடங்குவதே அப்போதுதான். நெல் அங்கே கிடந்ததால்தான் நனைந்தது, அதனால் ஆபத்துக்கான காரணங்களில் முதல் இடம் மழைக்கு அல்ல, நெல்லை வெளியே எடுத்துச் செல்லும் இயக்கத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. லாரி வராவிட்டால் சிப்பம் (எடை போட்டுத் தைத்த நெல் மூட்டை) அடுக்க இடம் இருக்காது, இடம் இல்லாவிட்டால் எடை போடுவது நிற்கும், எடை நின்றால் அறுத்த நெல் சாலையோரம்தான் குவியும், அதற்குப் பிறகு சின்ன மழை போதும். லாரி ஏன் வரவில்லை என்று தேடிப் போனால் கிடங்கு நிறைந்திருக்கும். கிடங்கு ஏன் நிறைந்தது என்றால், அரவை ஆலை நெல் எடுக்கவில்லை. அந்த வருடம் ஆலைகள் எடுக்கத் தாமதமானதற்கு, ரேஷன் அரிசியில் கலக்கும், சத்துகள் சேர்த்துச் செறிவூட்டப்பட்ட அரிசிமணிக்கு அனுமதி வராததும் ஒரு காரணம் என்று மாநில அரசே சொன்னது. எங்கோ ஒரு அனுமதி நின்றால் எங்கள் களத்தில் நெல் முளைக்கிறது, ஆகவே களத்தை மட்டும் பார்த்துப் போடும் மதிப்பீடு போதாது. கிடங்கில் உள்ள காலி இடமும் ஆலையின் எடுப்பும் சேர்ந்தே மதிப்பெண்ணில் வர வேண்டும்.

அடுத்தது ஈரப்பதம். 17 விழுக்காடு வரைதான் வாங்குவார்கள், தளர்வு வேண்டுமென்றால் மாநிலம் கடிதம் எழுதி, மத்தியக் குழு வந்து மாதிரி எடுத்து, ஆய்வு முடிந்து, அப்புறம்தான் உத்தரவு. அதற்குள் பாதி அறுவடை முடிந்துவிடும். செப்டம்பரிலிருந்தே நிலையம் வாரியாக ஈரப்பத அளவைத் தொகுத்து வைத்தால் கடிதத்தை முன்கூட்டியே அனுப்ப வழி உண்டு.

இதற்குப் புதிதாக ஆய்வு எதுவும் தேவையில்லை. குறுவைக்கு நாங்கள் போடுவது 110 நாள் சொச்ச ரகங்கள், நட்ட தேதியும் பரப்பும் தெரிந்தால் எந்த வாரம் எந்த நிலையத்துக்கு எவ்வளவு நெல் வரும் என்று கணக்குப் போட்டுவிடலாம், பரப்பு கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் என்ற பயிர்ப் பதிவேட்டிலேயே இருக்கிறது. மேற்கூரை உண்டா, தாழ்வான இடமா, லாரி உள்ளே வரும் பாதை மழையில் தாங்குமா என்பதை நேரில் பார்த்து எழுதினால் போதும். தினமும் கொள்முதல் செய்த மூட்டை, வெளியே போன மூட்டை இரண்டும் பதிவேட்டில் இருக்கின்றன. தொடர்ந்து மூன்று நாள் வெளியே போனது குறைவாகவும் வாங்கியது அதிகமாகவும் இருந்தால் அந்த நிலையம் உடனே பட்டியலில் மேலே ஏற வேண்டும். பருவத்தின் தொடக்கத்தில் ஒருமுறை போட்டுவிட்டு மூடி வைக்கிற பட்டியல் எங்களுக்கு வேண்டாம், வாரம் ஒருமுறை திருத்துங்கள்.

மதிப்பெண் போடும் குழுவில் ஊருக்கு ஒரு விவசாயியையும் சுமை தூக்கும் தொழிலாளி ஒருவரையும் சேர்க்க வேண்டுகிறோம். எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எந்தத் தார்ப்பாய் கிழிந்திருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

ஆகஸ்ட் மாத விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குள் முதல் பட்டியலைத் தயாரித்து, ஒவ்வொரு நிலையத்தின் அறிவிப்புப் பலகையிலும் அதன் மதிப்பெண்ணையும், அதற்கு ஒதுக்கிய லாரி, சாக்கு எண்ணிக்கையையும் எழுதி வைக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
மன்னார்குடி வட்டார நெல் விவசாயிகள்