அவுட்லுக் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருந்தால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவருக்கு அவுட்லுக்கில் மெயில் கணக்கு போடும்போது, சரியான பாஸ்வேர்டைக் கொடுத்தும் அது திரும்பத் திரும்பக் கேட்கிறது. அல்லது சர்வரின் அடையாளத்தை உறுதி செய்யும் சான்றிதழ் பற்றி எச்சரிக்கைப் பெட்டி ஒன்று வந்து நிற்கிறது. பல இடங்களில் இதற்குச் சொல்லப்படும் வைத்தியம், “யெஸ் அமுக்குங்க, போயிடும்” என்பதுதான். இது தவறு, ஆபத்தும்கூட. அலுவலக மெயிலைப் பார்த்துக்கொள்பவர்கள் கவனத்துக்காக இதை எழுதுகிறேன்.

மெயில் முகவரியை மட்டும் கொடுத்தால் சர்வர் விவரங்களை அவுட்லுக் தானே தேடிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ஆட்டோடிஸ்கவர் என்று பெயர். அலுவலக நெட்வொர்க்கில் சேர்த்த கணினி முதலில் ஆக்டிவ் டைரக்டரியை, அதாவது அலுவலகப் பயனர்கள், கணினிகளின் விவரப் பட்டியலைக் கேட்கும். மற்ற கணினிகள், @ குறிக்குப் பின்னால் இருக்கும் டொமைனையே முதலில் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைய இணைப்பு வழியாகத் தட்டும். அங்கே ஒன்றும் கிடைக்காவிட்டால்தான், டொமைனுக்கு முன்னால் ‘ஆட்டோடிஸ்கவர்’ சேர்த்த முகவரிக்குப் போகும். டிஎன்எஸ்ஸில் (எந்தப் பெயர் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பட்டியல்) சேவை இருக்கும் இடத்தைக் காட்டும் எஸ்ஆர்வி பதிவைப் பார்ப்பது கடைசியில்தான்.

கோளாறு பெரும்பாலும் அந்த டொமைனைத் தட்டும் இடத்தில்தான். வெப்சைட் ஒரு ஹோஸ்டிங்கில், மெயில் வேறொரு சர்வரில் என்று வைத்திருக்கும் நிறுவனங்கள் ஏராளம். ஹோஸ்டிங்கில் சிபேனல் என்ற நிர்வாக மென்பொருள் இருந்தால் அதற்கும் சொந்தமாக ஓர் ஆட்டோடிஸ்கவர் உண்டு. 404, அதாவது ‘இங்கே இல்லை’ என்று சொல்லி ஒதுங்க வேண்டிய அந்த சர்வர், தன் விவரங்களைக் கொடுத்துவிடும். அல்லது தானே பாஸ்வேர்டு கேட்கும். அந்தக் கணக்கே அங்கே கிடையாது. எத்தனை முறை அடித்தாலும் என்ன பயன்? டிஎன்எஸ்ஸில் எந்தப் பெயருக்கும் பொருந்தும்படி நட்சத்திரக் குறி போட்ட வைல்டுகார்டு பதிவு இருந்தாலும் இதே கதைதான்: ஆட்டோடிஸ்கவர் பெயரும் வெப்சைட் சர்வருக்கே போய் நிற்கும்.

எச்சரிக்கைப் பெட்டியை மூடுவதற்கு முன் ஒரு நிமிடம் படியுங்கள். மேலே சர்வரின் பெயர் இருக்கும். கீழே மூன்று வரிகள்: சான்றிதழ் கொடுத்தவர் நம்பகமானவரா, தேதி செல்லுமா, பெயர் பொருந்துகிறதா. முதல் இரண்டுக்கும் பச்சை டிக், மூன்றாவதற்குச் சிவப்புப் பெருக்கல் குறி என்றால், அவுட்லுக் தவறான வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது. அல்லது சரியான சர்வரின் சான்றிதழில் ஆட்டோடிஸ்கவர் பெயரைச் சேர்க்க மறந்திருக்கிறார்கள்.

உறுதி செய்ய, கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள அவுட்லுக் ஐகானை கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்து, ‘டெஸ்ட் இமெயில் ஆட்டோகான்ஃபிகரேஷன்’ எடுங்கள். கெஸ்மார்ட் (ஊகித்துத் தேடுவது) என்று வரும் இரண்டு டிக்குகளையும் நீக்கிவிட்டு ஓட்டினால், எந்த முகவரிக்குப் போனது, என்ன பதில் வந்தது என்று ‘லாக்’ பகுதியில் வரிவரியாகத் தெரியும். மைக்ரோசாஃப்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்சின் ஆட்டோடிஸ்கவர் முகவரியை பிரவுசரில் திறந்து, பாஸ்வேர்டு கொடுத்த பின் 600 என்ற பிழை எண் வந்தால் பதற வேண்டாம். சேவை வேலை செய்கிறது என்பதற்கு அதுவே அடையாளம்.

நிரந்தரத் தீர்வு, ஹோஸ்டிங்காரரிடம் சொல்லி அங்குள்ள ஆட்டோடிஸ்கவரை நிறுத்துவது. அதுவரை, டொமைனைத் தட்டும் படியை அவுட்லுக் தாண்டிப் போக, விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில், அவுட்லுக்கின் ஆட்டோடிஸ்கவர் பிரிவில், ‘எக்ஸ்க்ளூட் எச்டிடிபிஎஸ் ரூட் டொமைன்’ என்பதை ஆங்கிலத்தில் இடைவெளியில்லாமல் எழுதி மதிப்பு 1 கொடுக்கலாம். டிஎன்எஸ்ஸை மாற்றுவதாக இருந்தால், முந்தைய நாளே டிடிஎல்லை (பழைய பதிவை மற்ற சர்வர்கள் நினைவில் வைத்திருக்கும் நேரம்) 3600-லிருந்து 300 வினாடியாகக் குறைத்துவிடுங்கள்.

வீட்டில் வேலை செய்கிறது, அலுவலகத்தில் மட்டும் செய்யவில்லை என்றால், உள் டிஎன்எஸ்ஸில் அதே டொமைன் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே சேர்த்த பதிவை உள்ளேயும் சேர்க்க வேண்டும். மெயில் மைக்ரோசாஃப்ட் 365-இல் இருந்து, கணினியில் அவுட்லுக் 2010 இருந்தால், 2022 அக்டோபருக்குப் பிறகு எந்த டிஎன்எஸ் மாற்றமும் கைகொடுக்காது. வெறும் பாஸ்வேர்டில் நுழையும் பழைய முறையை மைக்ரோசாஃப்ட் அப்போதிலிருந்து நிறுத்திவிட்டது. தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளின் வழி வேறு. அது ‘ஆட்டோகான்ஃபிக்’ என்ற பெயரைத் தேடும். அங்கே வைக்கும் எக்ஸ்எம்எல் கோப்பில் மெயிலைப் பெறும் ஐமேப்புக்கு 993, அனுப்புவதற்கு 587 அல்லது 465 என்று போர்ட் எண்கள் சரியாக இருந்தும் உள்ளே போகவில்லையா? யூசர்நேமாக முழு முகவரி கேட்கும் சர்வருக்கு @ குறிக்கு முன்பகுதியை மட்டும் கொடுத்திருப்பார்கள்.

ஆபத்து என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. எதுவும் கிடைக்காதபோது சில மெயில் மென்பொருள்கள் நிறுவனத்தின் பெயரை விட்டுவிட்டு, ‘ஆட்டோடிஸ்கவர் டாட் இன்’ போன்ற யாரோ ஒருவருடைய டொமைனிடமே கேட்டுவிடுகின்றன. கார்டிகோர் என்ற பாதுகாப்பு நிறுவனம் அப்படிப்பட்ட டொமைன்களை வாங்கி வைத்துப் பார்த்தது. 2021 ஏப்ரல் 16 முதல் ஆகஸ்ட் 25 வரை 3,72,072 விண்டோஸ் டொமைன் பாஸ்வேர்டு விவரங்கள் தாமாக வந்து விழுந்தன. ஆய்வாளர்கள் கையில் சிக்கியதால் தப்பித்தோம். இந்த டொமைன்களை ஃபயர்வாலில் தடுப்பது அரை மணி நேர வேலை.

ஊழியர்களிடம் “யெஸ் அமுக்குங்க” என்று தயவுசெய்து இனி சொல்லாதீர்கள். ‘நோ’ அமுக்கச் சொல்லுங்கள். பெட்டியின் மேலே இருக்கும் சர்வர் பெயரைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எங்கே தேடுவது என்பதை அந்தப் பெயரே காட்டிவிடும்.

இப்படிக்கு,
மெயில் சர்வர் நிர்வாகி ஒருவர்,
கோயம்புத்தூர்