தம்பிக்கு அப்பா எழுதுவது

தூத்துக்குடி
5.5.2024

தம்பி,

இங்கே நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. ஓட்டுப் போட வெயிலுக்கு முன்னாலேயே போய்விட்டு வந்தோம். வேறு விசேஷம் இல்லை.

ஷார்ஜாவில் போன மாத மழைக்கு உங்கள் தெருவில் நின்ற தண்ணீர் முழுக்க வடிந்துவிட்டதா? மருமகள் அம்மாவுக்குப் பாப்பா படம் அனுப்புகிறாள், தண்ணீரைப் பற்றி மூச்சு விடுவதில்லை. இனிமேல் காரைக் கீழ்த்தளத்தில் விடாதே. குடிதண்ணீர் கேன் இரண்டு எப்போதும் கூடுதலாக இருக்கட்டும். பவர் பேங்க் ஒன்று வாங்கி மருமகளிடம் கொடு. எட்டாவது மாடியில் கரண்டும் லிஃப்டும் இல்லாமல், ஏழு மாதப் பிள்ளையோடு மூன்று நாள் இருந்திருக்கிறாள். நம் வீட்டுக்கு நல்ல மருமகள் வாய்த்தாள் என்று அம்மா பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள்.

நீ ரியாத்தில் மாட்டிக்கொண்டு தவித்ததும் தெரியும். துபாய் ஏர்போர்ட் குளமாகக் கிடந்ததை நாங்களும் டிவியில் பார்த்தோம். பார்த்த பிறகும்தான், "பொண்டாட்டி பிள்ளையைத் தண்ணீரில் விட்டுவிட்டு எங்கேடா போனாய்" என்று உன்னிடம் கேட்டேன். போன டிசம்பரில் நம் பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது, அங்கே 25-க்கே இந்தப் பாடா, நான் இங்கே சமாளிக்கவில்லையா என்றும் கேட்டேன். நீ "சரிப்பா" என்று வைத்தவன்தான். அங்கே 75 வருஷத்தில் இல்லாத மழையாம். மழையே காணாத ஊரில் இவ்வளவுக்கும் வடிகால் யார் கட்டி வைத்திருப்பார்கள்? லாரி வைத்து உறிஞ்சி எடுக்கிற ஊரில் நீ என்ன செய்திருப்பாய்?

எச்சரிக்கை திங்கட்கிழமையே வந்துவிட்டது என்றார்கள். நீயும் கொஞ்சம் யோசித்திருக்கலாம். சரி, அதை விடு.

தம்பி, நான் இங்கே சமாளிக்கவில்லை. நான் இங்கே இல்லவே இல்லை.

டிசம்பர் 16, சனிக்கிழமை மதியம் மதுரைக்குப் போனேன். கூட வேலை பார்த்த பழைய ஆட்கள் கூடுகிறோம் என்று கூப்பிட்டிருந்தார்கள். இரண்டு வாரத்துக்கு முன்னால் சென்னை மூழ்கியதைப் பார்த்ததிலிருந்து அம்மாவுக்குப் பயம். வானம் சரியில்லை, போக வேண்டாம் என்றாள். உப்புக் காய்கிற ஊரில் என்ன மழை பெய்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனேன். ஞாயிற்றுக்கிழமை விட்டுவிட்டுப் பெய்யவே இல்லை, ஊற்றியது. கோரம்பள்ளம் குளத்துத் தண்ணீர் ஊருக்குள் வந்தது. போன் இல்லை, பஸ் இல்லை, ரயில் இல்லை. செந்தூர் எக்ஸ்பிரஸில் வந்த சனங்கள் ஸ்ரீவைகுண்டத்தில் சோறில்லாமல் கிடந்தார்கள். நான் மதுரையில் லாட்ஜ் அறையில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். மூன்று வேளையும் சாப்பிட்டேன். அதை நினைத்தால் இப்போதும் தொண்டை அடைக்கிறது.

வியாழக்கிழமை நிவாரணச் சாமான் ஏற்றி வந்த லாரியில் ஏறி வந்து, கடைசியில் தண்ணீருக்குள் நடந்து வீட்டுக்கு வந்தேன். அம்மா ஆச்சி வீட்டு மொட்டைமாடி அறையில் இருந்தாள். "சாப்பிட்டீங்களா" என்றுதான் கேட்டாள்.

பீரோவைச் செங்கல் வைத்துத் தூக்கியது நான் என்று உன்னிடம் சொன்னேனே, அது அம்மாவும் எதிர் வீட்டுப் பையனும். தையல் மிஷினை மாடிக்குக் கொண்டுபோனதும் அவர்கள்தான். லைன் கிடைத்ததும் நீ அழுதுகொண்டே, "அப்பா நீங்க இருந்ததால தப்பிச்சோம், நான்தான் இல்லாமப் போயிட்டேன்" என்றாய். அம்மா பக்கத்தில் நின்றாள். நான் மறுக்கவில்லை, அவளும் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அதே வாயால் உன்னைக் கேட்டேன்.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது நடு அறைச் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை மட்டும் அப்படியே விடச் சொல்லிவிட்டாள். அவள் இடுப்புக்கு மேலே இருக்கிறது அந்தக் கோடு. ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. என்னிடம் பேசப் பிடிக்கவில்லை என்றால் பாப்பா காதில் போனை வை, நான் பேசுகிறேன். பவர் பேங்க் இரண்டாகவே வாங்கிவிடு, ஒன்று உன் பையில் இருக்கட்டும்.

அப்பா